என் வீட்டுக்காரரை எதிர்த்து நான் நின்ற தேர்தல்

கட்டின புருஷனை எதிர்த்துத் தேர்தலில் நின்றவள் என்றுதான் நியூ ஜெர்சியில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் என்னை அறிமுகப்படுத்துகிறார்கள். நான் பல் டாக்டர். கைராசிக்காரி. ரூட் கெனாலில் என்னை அடித்துக்கொள்ள இந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. அதெல்லாம் ஒருத்தருக்கும் நினைவில்லை. அது நீங்கள்தானா என்று கேட்டுவிட்டு, பக்கத்தில் நிற்கும் என் வீட்டுக்காரரை இரக்கத்தோடு பார்க்கிறார்கள். அவரும் உடனே முகத்தைப் பாவமாக வைத்துக்கொள்வார். அந்த நடிப்பைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நடந்ததை ஒரு தடவை ஒழுங்காக எழுதி வைத்துவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. பிளெய்ன்ஸ்பரோவிலிருந்து கொஞ்சம் தள்ளி எங்கள் ஊர். சோளக்காடாகக் கிடந்த இடத்தில் அபார்ட்மென்டுகளும் புது வீடுகளும் முளைத்து, திரும்பின பக்கமெல்லாம் நம்மாட்களாகிவிட்ட காலம். என் வீட்டுக்காரர் மருந்துக் கம்பெனியில் கெமிஸ்ட். கோபிப் பக்கத்துக்காரர். அமெரிக்கா வந்து குடியுரிமை வாங்கின கையோடு ஒரு கட்சியிலும் சேர்ந்து, என் பெயரையும் அதிலேயே பதிந்துவிட்டார். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், இரண்டு கட்சியிலும் எனக்கு பேஷண்டுகள் உண்டு.

அரசியல் ஆசை அவருக்கு அவருடைய பெரியப்பாவிடமிருந்து ஒட்டிக்கொண்டது. பெரியப்பா ஊரில் பஞ்சாயத்து யூனியன் சேர்மனாக இருந்தவர். ஒரு தடவை போட்டியே இல்லாமல் ஜெயித்தாராம். எதிர்த்து நிற்க ஒருத்தனுக்கும் தைரியம் வரவில்லையாம். மாலையும் கொட்டு மேளமுமாக வீட்டுக்கு வந்ததை என் வீட்டுக்காரர் சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் ஊர்வலம் ஒரு தெரு நீளும். தானும் அந்த மாதிரி ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்பதுதான் மனுஷனின் வாழ்நாள் ஆசை.

அதற்கு வேளையும் வந்தது. எங்கள் டவுன்ஷிப் கமிட்டியில், நம்மூர்ப் பஞ்சாயத்து மாதிரி, ஒரு இடம் காலியாயிற்று. நவம்பரில் தேர்தல். அதற்கு முன்னால் ஜூன் மாதம் ப்ரைமரி, அதாவது அந்தந்தக் கட்சிக்காரர்கள் மட்டும் ஓட்டுப் போட்டுத் தங்கள் வேட்பாளர் யார் என்று முடிவு செய்கிற தேர்தல். கட்சியின் ஊர்த் தலைவர் இன்சூரன்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வெள்ளைக்காரர். ஊரில் இத்தனை இந்தியர்கள் இருக்கிறார்கள், கமிட்டியில் ஒருத்தர்கூட இல்லையே என்று அவர் கணக்குப் போட்டார். மாதக் கூட்டம் தவறாமல் வந்து நாற்காலி எடுத்துப் போட்டு, போகும்போது சமோசாத் தட்டையும் வைத்துவிட்டுப் போகிற என் வீட்டுக்காரர் அவர் கண்ணில் பட்டார். நீதான் நம்ம ஆள், ப்ரைமரியில் வேறு யாரும் நிற்காமல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். முன்னணியில் இருப்பவனுக்குச் சொந்தக் கட்சிக்குள்ளேயே போட்டி வைத்தால் அவனுக்கு அடி விழும், அந்த அடியைக் காட்டி எதிர்க்கட்சி ஜெயித்துவிடும் என்பது அவருடைய கொள்கை.

அந்த வாரம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் இதே பேச்சுத்தான். பக்கத்துத் தெருவிலிருந்த இலங்கைத் தமிழ் டாக்டர், எங்கள் குடும்ப நண்பர், சாப்பிட வந்திருந்தார். நிதானமான மனிதர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ரசத்தைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்.

"போட்டி இல்லாமல் வாறது தேர்தலே? அது நியமனமெல்லோ."

என் வீட்டுக்காரருக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஒற்றுமையின் அருமை தெரியாதவர்கள் என்று ஆரம்பித்து, பெரியப்பாவின் ஊர்வலத்தை மறுபடியும் எடுத்தார். டாக்டர் இன்னொரு தடவை ரசம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இதில் நான் எப்படி வந்தேன் என்றுதானே கேட்கிறீர்கள். அதற்கும் பெரியப்பாதான் காரணம். ஒரு தேர்தலில் பெரியப்பாவின் மனுவை ஏதோ கையெழுத்துக் குறை என்று தள்ளுபடி செய்துவிட்டார்களாம். அதிலிருந்து அந்தக் குடும்பத்தில் யார் நின்றாலும் கூடவே பெண்டாட்டியும் ஒரு மனு போடுவாள். மாற்று வேட்பாளர். ஊர் பாஷையில் டம்மி. இவர் மனு செல்லாது என்று ஆகிவிட்டால் அவள் நிற்பாள். இவர் மனு செல்லும் என்று ஆகிவிட்டால் அவளுடையது தானாகவே விழுந்துவிடும். பெரியம்மா இப்படி ஆயுசு பூராவும் மனுப் போட்டு, ஒரு தடவைகூட நிற்காமலேயே போய்ச் சேர்ந்தார்.

"சும்மா ஒரு ஃபார்மாலிட்டி, அம்மிணி. கையெழுத்து வாங்கிக் குடுத்துட்டீன்னா மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றார்.

கட்சியில் பதிவு செய்த நம்மாட்கள் எல்லோரிடமும் அவர் தன் மனுவுக்குக் கையெழுத்து வாங்கி முடித்திருந்தார். அதனால் நான் என் கிளினிக் வெயிட்டிங் ரூமில் கட்சிக்கார பேஷண்டுகளிடம் வாங்கினேன். சிரமமே இல்லை. ட்ரில் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போது நீட்டினால் எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுவார்கள். இரண்டு மனுவையும் டவுன்ஷிப் கிளார்க்கிடம் கொடுத்துவிட்டு அவர் ஒரு பாக்கெட் மைசூர்பாகோடு வீட்டுக்கு வந்தார். மனு செல்லும் என்று தகவல் வந்த அன்று மீதி மைசூர்பாகையும் தின்று தீர்த்தோம்.

கொஞ்ச நாள் கழித்து கிளார்க் அம்மாவிடமிருந்து போன். ஓட்டு மெஷினில் யார் பெயர் எந்த இடத்தில் என்று முடிவு செய்ய வேண்டும், இரண்டு வேட்பாளர்களும் வரலாம் என்றார். எந்த இரண்டு வேட்பாளர்கள் என்று கேட்டேன். நீங்களும் உங்கள் கணவரும் என்றார்.

என் வீட்டுக்காரர் காரை எடுத்துக்கொண்டு பறந்தார். தன் மனு ஏற்கப்பட்டதால் மனைவியின் மனு தானாக விழுந்திருக்க வேண்டுமே என்று விளக்கியிருக்கிறார். கிளார்க் அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, இங்கே எதுவும் தானாக விழாது, விலகுவதானால் கெடுவுக்குள் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும், கெடு போன வாரமே முடிந்துவிட்டது என்றாராம். கோபிச்செட்டிபாளையத்தில் அப்படி இல்லை என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். அது நியூ ஜெர்சியில் எந்த கவுன்டி என்று அந்த அம்மா கேட்டாராம்.

ஆக, யார் எதிர்த்து நின்றாலும் தாங்காது என்று இருந்த மனிதருக்குச் சொந்த வீட்டிலிருந்தே போட்டி. எனக்கு வந்த சிரிப்பில் புரைக்கேறிவிட்டது. கல்லூரியிலிருந்து லீவுக்கு வந்திருந்த எங்கள் மகள், "அம்மா, திஸ் இஸ் ஸோ எம்பாரஸிங்" என்று சொல்லிவிட்டுத் தன் சிநேகிதிகள் ஒருத்தர் விடாமல் போன் போட்டுச் சொன்னாள்.

கட்சித் தலைவர் நேரிலேயே வந்துவிட்டார். மூஞ்சி தக்காளியாகச் சிவந்திருந்தது. காபியைத் தொடவில்லை. வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று மெதுவாகக் கேட்டார். இல்லை என்றோம். இருந்தால் புருஷன் பெண்டாட்டி தகராறுக்கு ஆலோசனை சொல்கிற நல்ல கவுன்சிலர் தனக்குத் தெரிந்து இருக்கிறார், கட்சிக்காரர்தான், ரகசியம் காப்பார் என்றார். பெரியப்பா, பெரியம்மா கதையை என் வீட்டுக்காரர் முதலிலிருந்து சொல்ல, அவர் ஒரு வார்த்தையும் நம்பவில்லை என்பது கண்ணிலேயே தெரிந்தது. கிளம்பும்போது என்னிடம் தனியாக, என்ன வேண்டும் உனக்கு என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம், என் வீட்டுக்காரர் ஜெயித்தால் போதும் என்றேன். மனதார அப்படித்தான் சொன்னேன்.

பிரசாரம் பண்ண மாட்டேன் என்று வீட்டில் வாக்குக் கொடுத்தேன். கொடுத்த வாக்கைக் காப்பாற்றவும் செய்தேன். பேஷண்டுகள் மரத்துப்போன வாயோடு உனக்குத்தான் என் ஓட்டு என்று குழறும்போதெல்லாம், எனக்கு வேண்டாம், அவருக்குப் போடுங்கள் என்றேன். வாய்க்குள் இரண்டு கருவிகளும் ஒரு குழாயும் இருக்கும் மனிதர்களோடு அரசியல் பேசுவது தனி சுகம். நடுவில் யாரும் குறுக்கே பேச முடியாது.

என் வீட்டுக்காரரும் பிரசாரம் பண்ணவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். முன்னணியில் இருப்பவர் எதற்கு அலைய வேண்டும் என்று ஒரு கெத்து. அபார்ட்மென்ட் கிளப் ஹவுஸில் ஒரு கூட்டம் போட்டார். தோசைக்கல் போட்டுச் சுடச்சுடத் தோசை. கூட்டமென்றால் கூட்டம், உட்கார இடமில்லை. எல்லோரும் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் சேர்ந்திருந்த நம்மூர் இளவட்டங்கள். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போயிற்று. வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"ஏனுங்க, வந்தவிய அத்தன பேரும் எச்-ஒன் விசா. ஒருத்தருக்காச்சும் ஓட்டு இருக்குதுங்களா?"

அவர் சட்டை பட்டனைக் கழற்றிக்கொண்டே யோசித்தார். கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணியிருப்பவர்கள் நிறைய என்றார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தத் தெருவில் நாங்கள் குடிவந்து பல வருஷங்கள் ஆகியிருந்தன. எதிர்வீட்டுக் கிழவரின் பெயர் என் வீட்டுக்காரருக்குத் தெரியாது. கராஜிலேயே காரில் ஏறுவார், ஆபீஸ் போவார், கராஜிலேயே வந்து இறங்குவார். மனிதர்களிடம் போய்ப் பேசக் கூச்சம் அவருக்கு. அதை மறைக்கத்தான் பெரியப்பாவும் ஊர்வலமும். இது எனக்குக் கல்யாணமான புதிதிலேயே தெரியும். நான் வாயைத் திறந்து சொன்னதில்லை.

ஒரு இடத்துக்கு இரண்டு பேர் நிற்கிறார்கள் என்றால் ஊர்ப் பெண்கள் சங்கம் ஒன்று பொதுக் கேள்வி பதில் கூட்டம் வைப்பது எங்கள் ஊர் வழக்கம். பள்ளிக்கூட ஜிம்மில் மடக்கு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். புருஷனும் பெண்டாட்டியும் மோதுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, சாதாரணமாக வருகிறதைவிடப் பல மடங்கு கூட்டம். சிலர் பாப்கார்ன் வைத்திருந்தார்கள். நான் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, இவருக்கே ஓட்டுப் போடுங்கள் என்று ஒரே வரி பேசிவிட்டு உட்கார்ந்துவிடலாம் என்று போயிருந்தேன்.

அவர் முதலில் பேசினார். படிப்பு, கம்பெனியில் வாங்கின பேடன்ட், தொலைநோக்கு, பெரியப்பா. நேரம் முடிந்ததென்று மேஜை மணி அடித்த பிறகும் பெரியப்பா இறங்கவில்லை. கேள்வி நேரம் வந்தது. முன்வரிசையில் ஒரு அம்மா எழுந்து, உங்கள் மனைவியை விட்டுவிட்டு உங்களை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கேட்டார். கேலி இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டார்.

என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே, நான் சொல்லித்தான் அவள் பெயர் கொடுத்தாள், இதிலெல்லாம் அவளுக்கென்று ஒரு அபிப்பிராயமும் கிடையாது என்றார்.

எனக்குச் சுருக்கென்று தைத்தது. இவருடைய மனுவுக்குத் துணையாகப் பெயர் கொடுத்தவள் நான். சமோசா பொரித்தவள் நான். இத்தனை நாளாக என் ஓட்டை நானே கேவலப்படுத்திக்கொண்டு, எனக்கு வேண்டாம், அவருக்குப் போடுங்கள் என்று ஊர் வாயெல்லாம் திறந்து வைத்துச் சொன்னவளும் நான். அபிப்பிராயமா கிடையாது. மைக்கை வாங்கினேன்.

இங்கிலீஷில் சொன்னேன். தமிழில் அது இப்படி வரும். "என் கணவர் நல்லவர், கெட்டிக்காரர். ஆனால் இந்த ஊரில் ஒரு வீட்டுக் கதவைக்கூட இவர் தட்டியதில்லை. தேர்தல் நாளுக்குள் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டி, உங்கள் முகத்தைப் பார்த்து ஓட்டுக் கேட்டால் இவருக்குப் போடுங்கள். கேட்காவிட்டால் எனக்குப் போடுங்கள்."

ஜிம்மில் எழுந்த சிரிப்பில் கட்சித் தலைவரின் சிரிப்புத்தான் உரக்கக் கேட்டது. டாக்டர் நண்பர் பின்வரிசையில் எழுந்து நின்று கைதட்டினார். என் வீட்டுக்காரர் மட்டும் தண்ணீர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காரில் பேச்சில்லை. அடுத்த நாளும் இல்லை. மேஜையில் எனக்கு முதுகைக் காட்டியபடி தயிர்சாதம் சாப்பிட ஒரு கோணம் கண்டுபிடித்து வைத்திருந்தார். அவருடைய ஆசையில் மண் அள்ளிப் போட்டுவிட்டோமோ என்று எனக்கு அழுகையே வந்தது. ஆனாலும் சொன்னதை நான் திரும்ப வாங்கவில்லை.

சனிக்கிழமை காலையில் துண்டுப் பிரசுரக் கட்டோடு வாசலில் நின்று ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிர்வீட்டுப் படியேறினார், திரும்பி இறங்கினார், மறுபடி ஏறினார், பெல்லை அடித்தார். பெல்லை அடித்த கையோடு குனிந்து ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார். கிழவர் கதவைத் திறந்தபோது கோட்டும் டையும் வெறும் சாக்ஸுமாக ஒரு ஆள் வாசலில் நிற்கிறான். கிழவர் ஷூவைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், உள்ளே கூப்பிட்டுவிட்டார். ஷூவைக் கழற்றின மனிதனை வாசலில் நிற்க வைத்து எப்படித் திருப்பி அனுப்புவது?

அன்றைக்கு ஊர் முழுக்க இதே கதைதான். உள்ளே கூப்பிட்டவர்கள் லெமனேட் வேண்டுமா என்று கேட்பார்கள். மரியாதைக்கு இவர் வேண்டாம் என்பார். நம்மூரில் இரண்டாம் தடவை கேட்பார்கள், மூன்றாம் தடவை கையில் திணிப்பார்கள். இங்கே சரி என்று ஜாடியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுவார்கள். சாயங்காலம் நாக்கு வறண்டு வந்து ஒரு ஜக் தண்ணீரையும் ஒரே மூச்சில் குடித்தார். ஒரு வீட்டு நாய் ஒரு பக்க ஷூவைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டது. அந்த வீட்டுக் குடும்பமே தோட்டத்தில் தேடிக் கொடுத்ததாம். அதைச் சொல்லும்போது அவருக்கு முதுகு காட்டுவது மறந்துபோயிற்று.

அதற்குப் பிறகு சாயங்காலம் ஆனால் போதும், கிளம்பிவிடுவார். திரும்பி வந்து பெரியப்பாவைப் பற்றிப் பேசமாட்டார். மழை பெய்தால் யார் வீட்டு நிலவறையில் தண்ணீர் ஏறுகிறது, எந்தத் திருப்பத்தில் நடைபாதை இல்லாமல் குழந்தைகள் ரோட்டில் நடக்கிறார்கள், எதிர்வீட்டுக் கிழவருக்கு மனைவி இறந்ததிலிருந்து ராத்திரிச் சாப்பாடு பாலில் போட்ட கார்ன் ஃப்ளேக்ஸ்தான் என்று சொல்லிக்கொண்டே சாப்பிடுவார். ஒரு நாள் கிழவருக்கு சாம்பார் எடுத்துக்கொண்டு போனார். முகம் வெயிலில் கறுத்துப்போயிருந்தது. எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. இத்தனை வருஷக் குடித்தனத்தில் அப்படி ஒரு பிடித்தம் எனக்கு வந்ததில்லை, அதை மறைப்பானேன்.

ஜூன் மாதம், ஃபயர் ஸ்டேஷனில் ஓட்டுப்பதிவு. இருவரும் ஒரே காரில் போனோம். திரைக்குப் பின்னால் ஒருவர் மாற்றி ஒருவராகப் போய் வந்தோம். கட்சி நிறுத்தின வேட்பாளர் என்பதால் அவர் பெயர் மெஷினில் ராஜா மாதிரி நடுவில் இருந்தது. என் பெயர் ஒரு மூலையில், விருந்துக்கு அழையாமல் வந்தவள் மாதிரி.

மறுநாள் காலையில் கட்சித் தலைவர் போன் பண்ணினார். என் வீட்டுக்காரர் நன்றாகவே ஜெயித்திருந்தார். போட்டியில்லாத ப்ரைமரிக்கு யாரும் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்களாம், இந்தத் தடவை வந்த கூட்டத்தைப் பார்த்து எதிர்க்கட்சி ஆடிப்போயிருக்கிறதாம். இதெல்லாம் தன் திட்டம்தான் என்கிற தொனியில் பேசினார். பேசிவிட்டுப் போகட்டும். பூத் வாரியாக விவரமும் சொன்னார். இவர் போக முடியாத தூரத்துத் தெருக்களில் எனக்குக் கணிசமாக விழுந்திருந்தது. எங்கள் தெருவும் சுற்றியுள்ள தெருக்களும் சேர்ந்த பூத்தில் எனக்கு விழுந்தது ஒரே ஒரு ஓட்டு.

அந்த ஒரு ஓட்டு அவரைக் குடைய ஆரம்பித்தது. காபி ஆறிப்போயிற்று. எந்த வீட்டை விட்டோம் என்று தெருவை மனதிலேயே நடந்து பார்த்தார். மூலை வீடு தட்டினேன், நாய் வீடு தட்டினேன், ஆள் இல்லாத வீட்டுக்கு இரண்டாம் தடவை போனேன் என்று முணுமுணுத்தார். நான் இட்லித் தட்டை எடுத்து வைத்தேன்.

"ஒரு வீடு விடல, அம்மிணி. எல்லாக் கதவும் தட்டீட்டேன். அப்பறம் யாரு?"

"என்ற கதவ நீங்க தட்டலீங்களே" என்றேன்.

அவர் இட்லியைப் பிட்டபடியே இருந்துவிட்டார். கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பிட்ட இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டு ஆபீஸ் கிளம்பிவிட்டார்.

சாயங்காலம் கார் வந்த சத்தம் கேட்டது. கராஜ் கதவு திறக்கவில்லை. வாசல் பெல் அடித்தது. கை துடைத்துக்கொண்டு போய்த் திறந்தேன். ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சாக்ஸோடு, கையில் ஒரு துண்டுப் பிரசுரத்தோடு நின்றிருந்தார். கசங்கியிருந்தது, கடைசிப் பிரதி போல. மகள் மாடிப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"வணக்கமுங்க" என்றார். எல்லா வீட்டிலும் சொல்கிற வரிகளைத் தமிழில் சொல்லப் பார்த்தார், பாதியில் நின்றுவிட்டது. "நவம்பர்ல நிக்கிறேன். உன்ற ஓட்டு எனக்கு வேணும், அம்மிணி. இத்தன வருசமா எதையும் கேக்காமயே எடுத்துக்கிட்டேன்."

கண் நிறைந்துவிட்டது எனக்கு. அதைக் காட்டிக்கொள்வேனா நான். பிரசுரத்தை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன்.

"யோசிச்சுச் சொல்றேனுங்க. மோர் குடிக்கிறீங்களா?"

"குடுங்க" என்றார், முதல் தடவை கேட்டதுமே.